தண்ணி கேனை யார் மாற்றுவது? வீட்டுக்கும் ஆபீசுக்கும் சின்னச் சின்னச் செயல்கள்: ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஆபீசில் 20 லிட்டர் தண்ணி கேன் காலியாகப் போகும் நேரம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் மிச்சம் இருக்கும்போது வருகிறவர் அரை டம்ளர் பிடித்துக்கொண்டு நைசாக நகர்வார், அடுத்தவர் கால் டம்ளர், அதற்கடுத்தவர் நாலு சொட்டு. காலி செய்தவர்தான் புதுக் கேனைத் தூக்கி வைக்கவேண்டும் என்பது எழுதாத சட்டம், அதனால் யாருமே முழுசாகக் காலி செய்வதில்லை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் 11 வருடமாக இருக்கிறேன். இத்தனை வருடமும் அந்தக் கேன் எப்படியோ தானாக மாறிக்கொண்டிருந்தது என்றுதான் நினைத்திருந்தேன். போன வருடம் ஸ்டோர்ஸ் அண்ணன் ஒருத்தர் மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு போட்டார். இரண்டாம் நாள் மதியம் 16 பேரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீர் இல்லாமல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

அவர் திரும்பி வந்ததும் "நீங்கதான் இத்தனை நாளா மாத்துனீங்களாண்ணா?" என்று கேட்டேன். "அட, டீக்குப் போற வழிதானே தம்பி, இதெல்லாம் ஒரு வேலையா" என்று போய்விட்டார்.

எனக்கு அது உறுத்தியது. நான் யாருக்காவது இப்படி ஏதாவது செய்கிறேனா என்று யோசித்தேன், வீட்டில், ஆபீசில், எங்கேயுமே சட்டென்று எதுவும் ஞாபகம் வரவில்லை. அப்புறம் ஒரு வருடமாக முயற்சி செய்து, பல தடவை சொதப்பி, எது வேலை செய்கிறது எது செய்யவில்லை என்று கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். நான் முதலில் மூன்றாவது படியில் குதித்து மாட்டிக்கொண்டவன்.

படி 1: ஒரு வாரம் எதுவும் செய்யாதீர்கள், உச்சுக் கொட்டுவதை மட்டும் கவனியுங்கள்

போனில் ஒரு குறிப்பு திறந்து வீட்டில் இருப்பவர்கள், ஆபீசில் பக்கத்தில் உட்காருபவர்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொருத்தரும் ஒரு நாளில் எந்த இடத்தில் "உச்" என்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய கவலைகளை விடுங்கள், கடன், கல்யாணம், முட்டி வலி எல்லாம் இந்தக் கணக்கில் வராது. தினமும் வந்து ஒரு நொடி முகத்தைச் சுளிக்க வைத்துவிட்டுப் போகும் சில்லறை எரிச்சல்கள் மட்டும்.

என் பட்டியல் இப்படி இருந்தது. மனைவிக்கு: காலை ஏழே முக்காலுக்கு தோசைக்கல் சூடாக இருக்கும்போது கேஸ் தீர்வது, கை கழுவினால் துடைக்கத் துண்டு இல்லாதது, முந்தின நாள் ராத்திரி நான் ஓட்டிவிட்டு நிறுத்திய ஸ்கூட்டி காலையில் ரிசர்வில் கிடப்பது. அம்மாவுக்கு: மாத்திரை அட்டையைப் பிரிக்க முடியாமல் பல்லால் கடிப்பது, நான் படித்துவிட்டுக் கலைத்துப் போட்ட பேப்பரைப் பக்கவாரியாக அடுக்குவது. எட்டாவது படிக்கும் மகளுக்கு: சார்ஜரை யாராவது இடம் மாற்றிவிடுவது. பக்கத்து சீட் மேடத்துக்கு: தேதி வரிசையில்லாமல் கத்தையாக வந்து விழும் பில்கள்.

பட்டியலைப் பார்த்ததும் முதலில் வந்தது வெட்கம். பாதிக்கு மேல் காரணம் நான்தான்.

இந்த ஒரு வாரத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நமக்கு எது பிடிக்குமோ அதையே மற்றவர்களுக்குச் செய்துவிடுவோம், அதுதான் ஆபத்து. நான் எடுத்த எடுப்பில் யாரிடமும் கேட்காமல் மனைவிக்கு ஒரு பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு போனேன், அது இன்றைக்கும் பீரோவில் அடித்தட்டில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. நிறம் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. அதே மாதத்தில் ஸ்கூட்டிக்கு நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு நிறுத்தியதை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

படி 2: பட்டியலில் இருந்து ஒன்றே ஒன்றை எடுங்கள்

எடுக்கும்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் முடியுமா? அநேகமாகக் காசு இல்லாமல் முடியுமா? அவர்கள் கேட்பதற்கு முன்னால் முடிந்திருக்குமா? மூன்றாவதுதான் உயிர்நாடி. "துண்டு எடுத்து வைங்க" என்று சொன்ன பிறகு வைத்தால் அது ஒரு வேலை முடிந்தது, அவ்வளவுதான். சொல்லாமல் இருந்தால்தான், "நான் படுகிற பாட்டை ஒருத்தர் பார்த்திருக்கிறார்" என்ற உணர்வு வரும். கேன் மாற்றுவதோ துண்டு வைப்பதோ சின்னதுதான், தன்னை ஒருவர் கவனித்தார் என்பது சின்னதில்லை.

ஒரு ஆளுக்கு ஒன்று, ஒரு வாரத்துக்கு ஒன்று. முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் எல்லாமும் செய்ய ஆரம்பித்தால் வீட்டில் சந்தேகப்படுவார்கள். எங்கள் வீட்டில் நான் பேப்பரை மடித்து வைத்த மூன்றாம் நாள் அம்மா மெதுவாகக் கேட்டார்: "ஏங்கண்ணு, ஆபீசுல ஏதும் பிரச்சனையா?"

இந்த இடத்தில் இன்னொரு தடங்கலும் வரும், கூச்சம். இவ்வளவு அற்பமான விஷயத்தைச் செய்தால் என்ன நினைப்பார்கள், இதையெல்லாம் யார் மதிக்கப்போகிறார்கள் என்று கை பின்வாங்கும். அமெரிக்காவில் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்று இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். சிகாகோவின் குளிரில், பனிச்சறுக்குத் திடல் ஒன்றில், தங்களுக்குக் கிடைக்கும் சூடான சாக்லேட் பானத்தை முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுத்துவிடச் சம்மதமா என்று சிலரிடம் கேட்டார்கள். கொடுத்தவர்கள் "ஒரு கப் சாக்லேட்தானே" என்று நினைத்தார்கள். வாங்கியவர்களுக்கு அது கொடுத்தவர்கள் கணித்ததைவிடப் பெரிதாக இருந்தது. கொடுப்பவர் பொருளைப் பார்க்கிறார், வாங்குபவர் மனசைப் பார்க்கிறார், அதுதான் காரணம் என்பது அவர்கள் விளக்கம். ஆகக் கூச்சம் வரும்போது உங்கள் கணிப்பு குறைவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு செய்துவிடுங்கள்.

படி 3: வீட்டில் செய்யவேண்டியவை, நேர வரிசையில்

கேஸில் ஆரம்பிக்கலாம். சிலிண்டர் மாட்டிய தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். எங்கள் வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் நாற்பது நாள் வரும். முப்பதாம் நாள் புக் செய்துவிடுகிறேன், முப்பத்தெட்டாம் நாள் ராத்திரி நிறைந்த சிலிண்டரை நகர்த்தி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, மூடியின் நைலான் கயிறு எளிதாக வருகிறதா என்று பார்த்துவிடுகிறேன். மாதம் ஒரு தடவைக்கும் குறைவான வேலை. ஆனால் தோசைக்கல் ஆறும்போது வரும் கோபம் அந்த நாள் முழுக்க ஓடும் என்பது சமைத்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் தண்ணீர். எங்கள் பக்கம் நல்ல தண்ணி தினமும் வராது, வரும் நேரமும் அதன் இஷ்டம். ராத்திரி பதினொன்றுக்கு வந்தால் எழுந்து குடங்களையும் டிரம்மையும் நிரப்புவது யார் என்பதில்தான் குடும்பத்தின் உண்மை நிலவரம் தெரியும். "நீ தூங்கு, நான் பிடிக்கிறேன்" என்று ஒரு நாள் சொல்லிப் பாருங்கள். அதோடு நிற்காமல் பக்கத்து வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால், "தண்ணி வந்துருச்சுங்க". எங்கள் தெருவில் இந்த மிஸ்டு காலுக்கு இருக்கிற மதிப்பு பொங்கல் வாழ்த்துக்குக் கிடையாது.

வாசல் கேட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு வருடத்தில் நான் செய்ததில் செலவில்லாமல் அதிகப் பலன் கொடுத்தது அதுதான். வேலை முடிந்து வண்டியில் வருகிறவர் வாசலில் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, பையோடு இறங்கி, கேட்டின் இரண்டு பக்கத்தையும் திறந்து, திரும்ப ஏறி, உள்ளே விட்டு, திரும்ப வந்து கேட்டைச் சாத்தி. மழை என்றால் இதெல்லாம் நனைந்துகொண்டே. ஒரு நாளின் களைப்பெல்லாம் சேர்ந்து உட்காரும் நேரத்தில் சொந்த வீடே "இரு, இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொல்வதுபோல. ஒரு சாயங்காலம் மனைவியின் ஸ்கூட்டி சத்தம் தெரு முனையில் கேட்டது, நான் எழுந்து போய்த் திறந்துவிட்டேன். அவள் நிறுத்தவே இல்லை, நேராக உள்ளே வந்தாள். ஹெல்மெட்டுக்குள் சிரித்தாள் என்று கண்ணைப் பார்த்துத் தெரிந்தது. இப்போது எங்கள் நாலு பேருக்கும் எல்லாருடைய வண்டிச் சத்தமும் அத்துப்படி. என் சத்தத்துக்கு மகள் ஓடிவருகிறாள், பள்ளி வேன் ஹாரனுக்கு அம்மா எழுந்து நடக்கிறார், வேண்டாமென்றாலும் கேட்பதில்லை.

அபார்ட்மென்டில் இருப்பவர்கள் லிஃப்டை அனுப்பலாம், காய்கறிப் பையோடு வருகிறவருக்காகக் கதவைத் திறந்து வைக்கலாம். வருகிறவருக்கு வாசலில் ஒரு தடை குறையவேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

போகிறபோதும் ஒன்று இருக்கிறது. "போறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டோ போனைப் பார்த்துக்கொண்டோ சொல்கிறோம். முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், இரண்டு நொடி கூடுதல். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே போய்ச் சொல்லுங்கள்.

படி 4: "நன்றி" சொல்லாத வீட்டில் நன்றி சொல்வது

வெளிநாட்டு ஆலோசனைகளை அப்படியே நம் வீட்டில் இறக்கினால் விழுவது இங்கேதான். சாப்பிட்டு எழுந்து அம்மாவிடம் "நன்றி அம்மா" என்று சொல்லிப் பாருங்கள், ஒன்று சிரிப்பார்கள், இல்லை கோபித்துக்கொள்வார்கள். நெருக்கமானவர்களிடம் அந்தச் சொல் நம் காதுக்கு ஒரு அடி தள்ளி நிற்கச் சொல்வதுபோல இருக்கிறது. "தேங்க்ஸ்" கொஞ்சம் தேவலை, அதுவும் பாதி கேலியாகத்தான் வரும்.

அதனால் நன்றி இல்லை என்று அர்த்தமில்லை, அது வேறு வழியாக வரும், அந்த வழிகளைத் தெரிந்து பயன்படுத்தவேண்டும். முதலாவது, குறிப்பாகச் சொல்வது. "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்பது மொட்டை, தினமும் சொன்னால் காதில் ஏறாது. "ரசத்துல இன்னிக்கு மிளகு தூக்கலா இருந்துச்சு, தொண்டைக்கு இதமா இருந்துச்சு" என்றால் நீங்கள் உண்மையிலேயே நாக்கில் வைத்துச் சாப்பிட்டீர்கள் என்று தெரியும். இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்குவது எந்தச் சொல்லையும் விட மேல், வயிறு இடம் கொடுத்தால்.

இரண்டாவது, காதில் விழும்படி மூன்றாம் ஆளிடம் சொல்வது. நேரில் புகழ்ந்தால் நெளிகிறவர்களுக்கு இதுதான் மருந்து. அக்காவுக்குப் போன் பண்ணும்போது, மனைவி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கையில், "போன வாரம் அம்மாவுக்குச் சளி பிடிச்சப்போ ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சுப் பாத்தது இவதான்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். பக்கத்து அறையில் துணி மடிக்கும் சத்தம் ஒரு நிமிஷம் நிற்கும். மாமியார் மருமகள் வீடுகளில் இந்த ஒரு உத்தியால் தீர்ந்த பனிப்போர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு.

மூன்றாவது, அவர்கள் செய்ததைப் பயன்படுத்திக் காட்டுவது. அம்மா ஊறுகாய் போட்டுக் கொடுத்தால் ஆபீஸ் டப்பாவில் எடுத்துப்போய், "மேடம் ரெசிபி கேட்டாங்கம்மா" என்று வந்து சொல்லுங்கள். அன்றைக்குச் சாயங்காலமே அடுத்த பாட்டிலுக்கு மாங்காய் வாங்கச் சொல்வார்கள்.

படி 5: "இங்க பாருங்களேன்" வரும்போது நிமிர்ந்து பாருங்கள்

வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை "இங்க பாருங்களேன்", "அப்பா இத பாரேன்", "ஒண்ணு தெரியுமா?" என்று வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். விஷயம் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. மாடியில் அணில், யாரோ அனுப்பிய வீடியோ, செடியில் முதல் மொட்டு. நம் பதில் "ம்ம்".

ஜான் காட்மன் என்ற உளவியலாளர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை ஒரு நாள் முழுக்க வீடு மாதிரி அமைத்த ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, இந்தச் சின்ன அழைப்புகளைத்தான் எண்ணினார். ஆறு வருடம் கழித்துத் தேடிப் பார்த்தபோது, சேர்ந்தே இருந்த தம்பதிகள் அன்றைக்கு 100 அழைப்பில் 86க்குத் திரும்பிப் பார்த்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33க்கு. எல்லாப் பிரிவுக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை, ஆனால் அந்த "ம்ம்" இலவசம் இல்லை என்பது எனக்கு உறைத்தது.

செய்முறை சுலபம்: போனைக் கவிழ்த்து வையுங்கள், நிமிருங்கள், ஒரு கேள்வி கேளுங்கள். "எந்த அணில், வால் அறுந்ததா?" போதும், முழு உரையாடல் தேவையில்லை. வேலை தலைக்கு மேல் இருந்தால் "ரெண்டு நிமிஷம், முடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே போங்கள். போகாமல் விட்டால் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பிள்ளை மார்க்கோடு வரும்போது இதையே இரண்டு மடங்கு கவனமாகச் செய்யவேண்டும். 96 என்றால் "மீதி நாலு எங்க போச்சு?" என்று கேட்பது நம் தேசிய வழக்கம், நகைச்சுவையாகத்தான் கேட்கிறோம், கேட்கிறவருக்கு மட்டும்தான் அது நகைச்சுவை. நான் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். நல்ல சேதி வந்தால், கருத்து சொல்வதற்கு முன்னால் இரண்டு கேள்வி. "எந்தக் கேள்வி கஷ்டமா இருந்துச்சு? டீச்சர் பேப்பர் குடுக்கும்போது என்ன சொன்னாங்க?" மகள் பதில் சொல்லச் சொல்ல அந்தச் சந்தோஷத்தை இன்னொரு தடவை அனுபவிக்கிறாள், நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

படி 6: ஆபீஸ்

ஆபீசில் அளவு வேறு. வீட்டில் செய்கிற மாதிரி நெருங்கிச் செய்தால் தப்பாகப் போகும், முக்கியமாக ஆண்கள் கவனிக்கவேண்டியது. பாராட்டு வேலையைப் பற்றி மட்டும் இருக்கட்டும். புடவை, முடி, எடை குறைந்தது, கூடியது, எதுவும் வேண்டாம்.

மற்றபடி இங்கேயும் உச்சுக் கணக்குதான். கேனை மாற்றுங்கள், பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தால் உங்கள் நாலு தாளோடு நிறுத்தாமல் ஒரு கட்டு வையுங்கள், பில்களைத் தேதிவாரியாக அடுக்கி கிளிப் போட்டுக் கொடுங்கள். மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி, அதாவது மாத வரிக் கணக்கு, போடும் நாள், அன்றைக்கு எங்கள் பிரிவுக்கு வந்து "ஒரு சின்ன சந்தேகம்" என்று நிற்காமல் 21ஆம் தேதி வருகிறவரை நாங்கள் எல்லாரும் நேசிக்கிறோம். ஒவ்வொரு பிரிவுக்கும் இப்படி ஒரு நெருப்பு நாள் உண்டு, ஷிப்மென்ட் நாள், சம்பளம் போடும் நாள். அடுத்த பிரிவின் நெருப்பு நாளைத் தெரிந்து வைத்துக்கொண்டு அன்றைக்கு ஒதுங்கி நிற்பதே ஒரு உபகாரம்.

"கொஞ்சம் பேசணும்." மேலே இருப்பவர்கள் தயவுசெய்து இந்த ஒற்றை வரியை மட்டும் அனுப்பாதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இப்படி ஒரு மெசேஜ் வந்து, திங்கள்கிழமை வரை சரியாகச் சாப்பிடாமல் இருந்து, கடைசியில் அது தீபாவளி லீவுப் பட்டியல் பற்றி என்று தெரிந்தபோது எனக்கு வந்தது சிரிப்பில்லை. "லீவு லிஸ்ட் பத்திப் பேசணும், அவசரம் இல்ல" என்று எழுத நாலு சொல் அதிகம். நாலு சொல்லில் ஒருவரின் சனி ஞாயிறு பிழைக்கும்.

பாராட்டு மேலிருந்து கீழே வருவதற்கு எவ்வளவு பலம் என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஆடம் கிராண்டும் ஃபிரான்செஸ்கா ஜீனோவும் 2010இல் வெளியிட்டது. பல்கலைக்கழகம் ஒன்றுக்காகப் போனில் நன்கொடை கேட்பவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் இயக்குநர் நேரில் வந்து, உங்கள் உழைப்புக்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவர்கள் செய்த அழைப்புகள் 50 சதவீதத்துக்கு மேல் கூடின. சம்பளம் கூட்டவில்லை, இலக்கு வைக்கவில்லை. (இதைப் படித்துவிட்டு எந்த மேனேஜராவது சம்பள உயர்வுக்குப் பதிலாக நன்றி சொல்லலாம் என்று முடிவெடுத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.)

கூட்டத்தில் உங்களைப் பாராட்டினால், கண்டுபிடித்தது வேறு ஆள் என்றால், அங்கேயே அப்போதே பெயரைச் சொல்லுங்கள். "அந்த பில் ரெண்டு தடவை ஏறியிருந்ததைப் பாத்தது இவங்கதான் சார்." தனியாக வந்து "உங்களாலதான்" என்று சொல்வது பாதி விலைகூடப் பெறாது.

டீ கொண்டுவருகிறவர், கூட்டிப் பெருக்கும் அக்கா, வாசலில் செக்யூரிட்டி. இவர்கள் பெயர் தெரியுமா? தெரிந்தால் பெயரோடு அண்ணா, அக்கா சேர்த்துக் கூப்பிடுங்கள், டம்ளரை நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள், அவர்கள் பெருக்கும்போது காலை மட்டும் தூக்காமல் எழுந்து நாற்காலியை நகர்த்துங்கள். அப்புறம் உட்கார இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்தவேண்டி வந்தது, அதற்கு முன்பே 2018இல் கேரளம் செய்தது. ஒரு ஸ்டூலை நகர்த்திப் போடுகிற வேலைக்குச் சட்டசபை வரை போகவேண்டியிருந்திருக்கிறது. எங்கள் கேட்டில் செக்யூரிட்டி அண்ணனுக்கு நாற்காலி இருந்தது, ஆனால் வெயிலில். இரண்டு பேர் சேர்ந்து வேப்பமர நிழலுக்கு நகர்த்தினோம், பத்து நொடி.

படி 7: சண்டைக்கு அப்புறம்

இது சின்னப் படி. நம் வீடுகளில் மன்னிப்பு "சாப்பிட வரச் சொல்லு" என்று பிள்ளை மூலமாக வரும், இல்லையென்றால் கேட்காமலே மேசைக்கு வரும் காபியாக வரும். வந்தால் உடனே போங்கள், "எனக்குப் பசிக்கல" என்று நீட்டாதீர்கள். ஆனால் நீங்கள்தான் தப்பு செய்தவர் என்றால் காபி போட்டுக் கொடுத்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். காபியையும் கொடுத்து, "நான் பேசுனது தப்பு" என்று வாயாலும் சொல்லுங்கள். அடி உதை இருக்கும் வீட்டுக்கும், சம்பளத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் கம்பெனிக்கும் இந்த வழிகாட்டி பொருந்தாது. அங்கே வேண்டியது வேறு.

படி 8: எதெல்லாம் கெடுக்கும்

முதல் எதிரி சொல்லிக் காட்டுவது. ஆறு மாதம் கேட்டைத் திறந்துவிட்டு ஒரு நாள் சண்டையில் "நான் தினமும் ஓடிவந்து கேட்டைத் திறக்கலையா?" என்று கேட்டுவிட்டால் அந்த ஆறு மாதமும் பின்னோக்கி அழிந்துவிடும். நான் ஒரு தடவை கேட்டேன். அடுத்த பத்து நாள் அவள் தெரு முனையிலேயே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, தானே திறந்தாள். கணக்கு வைத்துக்கொள்ளும் ஆள் என்றால் செய்யாமல் இருப்பதே மேல், இரண்டு பேருக்கும் நிம்மதி.

இரண்டாவது "ஹெல்ப் பண்றேன்" என்ற சொல். ஆண்களுக்குத்தான் சொல்கிறேன். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிஷம் செலவழிக்கிறார்கள், அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷம் என்று வந்தது. அதிலும் ஆண்களில் நாலில் ஒரு பங்குப் பேர்தான் அப்படி ஏதாவது செய்வதாகவே சொன்னார்கள். நான் மேலே எழுதியிருக்கிற துண்டு, தண்ணீர், மாத்திரை எல்லாவற்றையும் பெரும்பாலான வீடுகளில் ஒரு பெண் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார், அவர் செய்யும்போது அதற்குப் பெயரே கிடையாது. நாம் ஒரு நாள் செய்தால் மட்டும் அது உதவி. ஆகவே இதைப் படிப்பவர் அப்படிப்பட்ட பெண் என்றால், உங்களுக்குப் புதுசாக எதுவும் சேர்க்கவேண்டாம், பட்டியலை வீட்டில் இன்னொருத்தர் கையில் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, முடிந்ததும் முகத்தைப் பார்ப்பது. செய்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று பாராட்டு வருகிறதா என்று காத்திருப்பது. பேப்பரை மடித்து வைத்தால் மடித்து வைத்துவிட்டுப் போங்கள்.

படி 9: பழக்கமாக்குவதும், வாங்கிக்கொள்வதும்

புதுசாக ஒன்றை ஞாபகம் வைப்பது கஷ்டம், ஏற்கெனவே செய்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டால் சுலபம். ராத்திரி வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடுவேன், அந்தக் கையோடு ஸ்கூட்டியில் பெட்ரோல் பார்ப்பேன். பல் விளக்கியதும் அம்மாவின் மறுநாள் மாத்திரைகளை மூடிபோட்ட சின்ன டப்பாக்களில், காலை ஒன்று ராத்திரி ஒன்று, பிரித்து வைப்பேன். (அட்டையிலிருந்து பிரிக்கக்கூடாத மாத்திரைகளும் உண்டு, மருந்துக்கடையில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.) ஆபீசில் ஸ்டோர்ஸ் அண்ணன் சொன்ன அதே முடிச்சு, டீக்குப் போகிற வழியில் கேன். இப்போது அவரும் நானும் மாற்றி மாற்றிச் செய்கிறோம், யார் முறை என்று பேசிக்கொண்டதில்லை.

இதில் எனக்கு இன்னும் சரியாக வராதது வாங்கிக்கொள்வதுதான். யாராவது நமக்குச் செய்தால் "ஐயோ, எதுக்கு, நானே பண்ணிருப்பேனே" என்று பிடுங்கப் போகிறோம். அடக்கம் என்று நினைத்துத்தான் செய்கிறோம், கொடுக்க வந்தவர் கையில் இருந்ததைத் தட்டிவிட்டது மாதிரி ஆகிவிடுகிறது. போன வாரம் பக்கத்து சீட் மேடம் நான் கேட்காமலே என் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த வயர்களையெல்லாம் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். என் கால் தினமும் அதில் மாட்டும், நான் உச்சுக் கொட்டுவேன் போல, எனக்கே தெரியாது. "எதுக்குங்க மேடம்" என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "கால் மாட்டவே இல்லைங்க இன்னிக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர் மானிட்டரைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

நாளைக்குக் காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை எங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை என்று மெசேஜ் வந்திருக்கிறது. எல்லாரும் தூங்கிவிட்டார்கள். மோட்டாரைப் போட்டு டேங்க்கை நிரப்பவேண்டும், மகள் போனைச் சார்ஜில் போடவேண்டும், இட்லி மாவோடு சட்னியையும் இப்போதே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் மிக்சிக்கு அவசரமில்லை. மிக்சி சத்தத்தில் அம்மா எழுந்துவிடுவாரோ என்றுதான் யோசிக்கிறேன். சரி, மோட்டாரை முதலில் போடுகிறேன்.